பெடலில் இருந்த கால்

அந்தக் குளிர்காலத்தில் ஹாஸ்கெல் டப்ஸ் மூன்றாவது முறையாகத் தன் படகை என் பட்டறைக்கு இழுத்து வந்து, பெடல் சரியில்லை என்றார்.

முதல் முறை, மிதித்தால் மோட்டார் தாமதமாகத் திரும்புகிறது என்று சொல்லியிருந்தார். உள்ளே ஓடும் கம்பியை உருவித் துடைத்து கிரீஸ் பூசிக் கொடுத்தேன். இரண்டாவது முறை, காலை எடுத்தாலும் மோட்டார் நிற்க மறுக்கிறது என்றார். பொத்தானை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு முறையும் படகு ட்ரெய்லரில் இருக்கும்போதே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து நானே மிதித்துப் பார்த்தேன். முன்பாதத்தை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பியது. குதிகாலை அழுத்தினால் இடப்பக்கம். பெருவிரலைப் பொத்தானில் வைத்தால் ஓடியது, எடுத்தால் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற மோட்டார்.

என் பட்டறை, கிரெனடா ஏரிக்குப் போகும் சாலையில் ஓடெலின் இரைக் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. படகின் மூக்கில் இறக்கி, கால் பெடலால் நடத்துகிற ட்ரோலிங் மோட்டார், மீன் காட்டும் திரை, அவற்றுக்கான பேட்டரி, இவற்றைப் பூட்டுவதும் கழற்றுவதும்தான் என் பிழைப்பு. பெரிய எஞ்சின் ஏரியின் நடுவுக்குக் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அதன்பிறகு அதை அணைத்துவிட்டு, சத்தமில்லாத இந்தச் சின்ன மோட்டாரை இறக்கி, தண்ணீருக்குள் நிற்கும் மர முண்டுகளுக்கு நடுவே பூனை மாதிரி நடக்க வேண்டும். இந்த ஏரியில் கிராப்பி மீன் முண்டில் சாய்ந்துகொண்டு நிற்கும். அணை கட்டும்போது வெட்டிய காட்டின் அடிமரங்கள் இன்னும் சேற்றுக்குள் ஊன்றி நிற்கின்றன. குளிர்காலத்தில் தண்ணீரை இறக்கிவிடும்போது அவற்றின் தலைகள் வெளியே தெரியும். படகு ஒரு முண்டை லேசாகத் தட்டினாலும் அதில் அன்றைக்கு மீன் கிடையாது.

முன்சீட்டில் உட்கார்ந்து மோட்டாரை நடத்துகிறவர்தான் படகுக்கு ஆள். மற்றவர்கள் யாராக இருந்தாலும், படகே அவர்களுடையதாக இருந்தாலும், ஏறி வந்தவர்கள். இது இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. ஹாஸ்கெல் முப்பது வருஷத்துக்கு மேலாக முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறார். வெளியூரிலிருந்து வருகிறவர்களை மீன் பிடிக்க அழைத்துப் போவது அவர் தொழில். மார்ச்சும் ஏப்ரலும் அவருக்கு வருஷத்தின் மற்ற மாதங்களுக்குச் சோறு போடும்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை.

"படமும் குதிக்குது தம்பி," என்றார். "மீன் இங்க நிக்குது, கண்ண மூடித் தொறந்தா அங்க நிக்குது. பைத்தியம் மீனுக்கா எனக்கா?"

முன்னால் பார்க்கிற சோனார் கருவி மோட்டாரின் தண்டில்தான் கட்டியிருக்கும். மோட்டார் எந்தப் பக்கம் முகம் திருப்புகிறதோ அந்தப் பக்கத்துத் தண்ணீருக்குள் இருப்பதுதான் திரையில் வரும். கால் ஆடினால் மோட்டார் ஆடும், மோட்டார் ஆடினால் படம் ஆடும். ஆனால் மோட்டாருக்குப் போகிற மின்சாரம் சோனாரின் வயருக்குள் கசிந்தாலும் படம் கெடும். அதனால் சோனாருக்குத் தனி பேட்டரி வைத்து, வயர்களை எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினேன். அன்று முழுக்க அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக அவ்வளவு நேரம் யாருடைய வேலையையும் பார்க்கிறவர் அல்ல.

அடுத்த சனிக்கிழமை இல்லினாய்ஸிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரைக் கூட்டிக்கொண்டு போனார். மதியத்துக்குள் திரும்பிவிட்டார்கள். படகு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய் முண்டில் மோதியிருக்கிறது. நின்றுகொண்டிருந்த மூத்தவர் முழங்காலில் விழுந்து, தூண்டில் இரண்டாக ஒடிந்தது. அவர்கள் குறை எதுவும் சொல்லவில்லை. கைகுலுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். குறை சொல்லாமல் போகிற ஆள் அடுத்த வருஷம் வரமாட்டான் என்பது ஓடெலின் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை கடையில் காபி குடிக்க வந்த ஹாஸ்கெலிடம் ஓடெல் கேட்டான்: "இப்ப முண்டையும் பிடிக்கிறீங்களாமே. மீனுக்கு மாதிரி அதுக்கும் சட்டத்துல குறைஞ்ச அளவு எவ்வளவுன்னு வெச்சிருக்காங்க?"

"உன் தலை சைஸுக்கு இருந்தா திருப்பி விட்டுரணுமாம்," என்றார் ஹாஸ்கெல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு வயதாகிவிட்டது, அந்தத் திரையையே வெறித்துக்கொண்டு காலை மறந்துவிடுகிறார் என்று அவர் போனபின் பேசிக்கொண்டார்கள். திரை வந்தபிறகு எல்லா மீன்காரனும் டி.வி. பார்க்கிற கிழவன்தான் என்று ஒருவர் சொன்னார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன்.

புதிய மோட்டார் வாங்குவது என்று அவர் முடிவு செய்தார். தேர்ந்தெடுக்க இரண்டு வகை இருந்தது. ஒன்று பழைய மாதிரி, பெடலிலிருந்து மோட்டார்வரை கம்பி ஓடுகிறது. இன்னொன்றில் கம்பி கிடையாது. பெடலை அழுத்தினால் அது மின்சாரச் செய்தியாகப் போய் மோட்டாரைத் திருப்பும். அதோடு கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ரிமோட் ஒன்றும் வரும். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டு படகு அதே இடத்தில் தானாகவே நின்றுகொள்ளும். நங்கூரப் பொத்தான் என்போம்.

அவர் இரண்டாவதைக் காட்டினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கம்பி இல்லாத மோட்டாரை அவர் அதுவரை மோட்டாராகவே மதித்ததில்லை.

"ஒண்ணு சொல்றேன் மிஸ்டர் ஹாஸ்கெல்," என்றேன். "கம்பி மோட்டார்ல முண்டு தட்டினா அதிர்வு முழங்கால் வரைக்கும் ஏறும். மோட்டார் எங்க பாக்குதுன்னு காலுக்கே தெரியும். இதோட பெடல் பஞ்சு மாதிரி. காலுக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். வெளியே சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று போய், அதன் சத்தமும் ஓய்ந்தது.

"தெரியாட்டா என்ன," என்றார். "அழுத்தம் கம்மியாப் போதும்ல. அதப் பூட்டு."

படகை ஒப்படைக்க வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி வெர்லீன் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஆட்கள் வராத நாட்களில் ஹாஸ்கெலுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து தானும் ஒரு தூண்டில் போடுவார். முன்னால் பெரிய மீன் மாட்டினால் வலையை நீட்டுவதும் அவர்தான். ஹாஸ்கெல் ரிமோட்டை அதன் கயிற்றோடு தூக்கி மனைவியிடம் போட்டார்.

"இந்தா, சங்கிலி வேணும் சங்கிலி வேணும்னியே."

"வைரம் எங்க?"

"அந்தச் செவப்புப் பொத்தான்தான்."

வெர்லீன் அதைக் கொண்டுபோய்ச் சமையலறை இழுப்பறையில் ரப்பர் பேண்டுகளோடும் பழைய பிறந்தநாள் மெழுகுவத்திகளோடும் போட்டார். எதிலும் ஒரு நாள் பயன் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் வீட்டில் இருக்கிற இழுப்பறை.

புதிய மோட்டாரிலும் படம் குதித்தது. முன்பைவிட மோசம் என்றார். கரையில் உட்கார்ந்து பார்த்து இனிப் பயனில்லை, ஏரியிலேயே பார்த்துவிடலாம் என்று பிப்ரவரியில் ஒரு நாள் காலை அவர்களோடு நானும் போனேன்.

நல்ல குளிர். தூண்டிலின் வளையங்களில் பனி உறைந்து நூல் ஓடவில்லை. வெர்லீன் ஒவ்வொரு வளையத்தையும் வாயில் வைத்து உருக்கித் துப்பினார். தண்ணீர் காபியில் பால் விட்ட நிறத்தில் இருந்தது, ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கரையோரச் செம்மண் சேறு உறைந்து கண்ணாடி போல நொறுங்கியது. ஹாஸ்கெல் முன்சீட்டில். கால்மாட்டில், பெடலுக்கு ஒட்டினாற்போல, கேஸ் உருளையில் எரிகிற சின்ன அடுப்பு ஒன்று. குளிர்காலத்தில் எல்லாப் படகிலும் இருப்பதுதான். நான் நடுவில், வெர்லீன் பின்னால். உப்பு பிஸ்கட்டும் டப்பா சாஸேஜும் கையிலிருந்து கைக்குப் போய் வந்தன.

நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். மோட்டாரின் தலையில், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டுகிற அம்புக்குறி இருக்கும். பழகிய ஆட்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள், கால் சொல்லிவிடும். ஹாஸ்கெல் திரையைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார். மறுபடியும் திரை, அம்பு, கால். கார் ஓட்டப் பழகுகிறவன் கியரைக் குனிந்து பார்ப்பது போல.

திரையில் ஒரு முண்டு தெரிந்தது. அதன் தோளில் ஒட்டிக்கொண்டு கிராப்பி ஒன்று, பெரியது. அவர் இரையை அதன் தலைக்கு மேலே இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. வயர்தான் சூடாகிறது என்று நான் பேட்டரி மூடியைத் திறந்து தடவிப் பார்த்தேன். எல்லாம் சில்லென்று இருந்தது.

வெர்லீன் எழுந்து என்னைத் தாண்டி முன்னால் போனார்.

"ஹாஸ்கெல், உன் பூட்ஸ் எரியுது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீன் நிக்குது. ஆடாத."

"நிக்கட்டும்," என்றார் வெர்லீன். அடுப்பை அணைத்து நகர்த்தினார். வலது காலணியின் பக்கவாட்டு உருகி, பெடலின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. அவர் படகின் தரையில் மண்டியிட்டு, கணவரின் காலை மடியில் வைத்து, கயிற்றை அவிழ்த்துக் காலணியைக் கழற்றினார், பிறகு காலுறையை. ஹாஸ்கெல் தூண்டிலைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

கணுக்காலுக்குக் கீழே தோல் வெந்து கொப்புளித்திருந்தது. அது அன்றைக்கு வந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு பழைய புண் இருந்தது. அதன் ஓரம் கறுத்திருந்தது. வெர்லீன் அதை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். உடைந்த தூண்டில் முள்ளின் நுனி ஒன்று அதற்குள் துருப்பிடித்து இருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தார் என்று சொல்வதற்கில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டார். கொப்புளத்தின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டுதான் கேட்டார்.

"எங்க?" என்றார் ஹாஸ்கெல்.

நான் முன்னால் போய் மோட்டாரை மேலே தூக்கிக் கட்டினேன். வெர்லீன் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அந்தக் காலில் மாட்டினார். பிறகு பெரிய எஞ்சினைக் கிளப்பி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கரை வரும்வரை ஹாஸ்கெல் முன்சீட்டில் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். திரை ஒளிர்ந்துகொண்டே இருந்தது. அதில் காட்ட எதுவும் இல்லை.

அவருக்குச் சர்க்கரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு இருக்கிறது. மாத்திரையும் சாப்பிடுவார்கள், இனிப்புத் தேநீரும் குடிப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் உள்ளங்காலில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். இன்னும் சில வாரம் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக வெர்லீன் சொன்னார். ஆற ஏப்ரல் ஆகும். ஆறினாலும் உணர்ச்சி திரும்பாது, மற்றக் காலையும் தினம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பார்க்கப் போனேன். வெர்லீன் வெள்ளை பீன்ஸும் சோள ரொட்டியும் செய்திருந்தார். உறைபெட்டியில் போன வருஷத்துக் கிராப்பி இருந்தது, சோளமாவில் புரட்டி வறுத்தார். ஹாஸ்கெல் காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு முள் எடுத்துச் சாப்பிட்டார். தேநீரில் சர்க்கரை இல்லை. அதை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இது பாத்திரம் கழுவின தண்ணி," என்றார் என்னிடம்.

"குடிச்சாப் பாத்திரமாவது சுத்தமா இருக்கும்," என்றார் வெர்லீன்.

சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுக்கும்போது, முதுகைக் காட்டியபடி அவர் கேட்டார்: "எப்போலேர்ந்து கால் தெரியல உனக்கு?"

நான் எழப் பார்த்தேன். ஹாஸ்கெல் கையைக் காட்டி உட்கார வைத்தார். தனியாக அதைக் கேட்டுக்கொள்ள விருப்பமில்லை போலும்.

"நவம்பர், மான் வேட்டை சீசன்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெர்லீன் அதை நிறுத்தினார். ஜன்னல் வழியே முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய படகு தெரிந்தது. ஹாஸ்கெல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா இறக்கி விட்டுருப்ப," என்றார்.

வெர்லீன் மறுபடி குழாயைத் திறந்தார்.

ஏப்ரலுக்குப் பேசி வைத்திருந்த ஆட்களில் ஒருவரையும் வெர்லீன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது ஓடெல் மூலம் எனக்குத் தெரிய வந்தது. மார்ச் நடுவில் ஒரு நாள் அவரே பட்டறைக்கு வந்தார். கையில் ரொட்டிப் பை. அதற்குள் ரிமோட்.

"இதுக்கு உயிர் இருக்கான்னு பாரு லமார்."

பேட்டரி போட்டுப் பார்த்தேன். இருந்தது. அன்று மதியமே ஹாஸ்கெல் தூங்கும் நேரமாகப் பார்த்துப் படகை இழுத்து வந்தார். ஏரியில் ஆள் இல்லாத ஒரு மூலையில் அவருக்கு நான் காட்டிக்கொடுத்தேன். திரும்புவதற்கு இரண்டு பொத்தான்கள், வேகத்துக்கு இரண்டு, நிற்பதற்குச் சிவப்பு. முதலில் படகு தன் வாலைப் பிடிக்கிற நாய் மாதிரி சுற்றியது. பிறகு கொஞ்சங்கொஞ்சமாக அடங்கியது. பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் பேருந்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டினவர், அவசரப்படவில்லை. அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும். காற்று குறுக்கே அடிக்கும்போது ஒரு முண்டின் முன்னால் படகை நிறுத்துவதற்கு, நங்கூரப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்தார்.

ஆனால் திரை அவருக்குப் பிடிபடவில்லை. எது மீன், எது கிளை, எது வெறும் குமிழ் என்று பிரித்துப் பார்க்க ஒரு கண் வேண்டும். நான் பூட்டத்தான் தெரிந்தவன், எனக்கும் அவ்வளவாக வராது. ஹாஸ்கெல் திரையில் வருகிற ஒரு புள்ளியைப் பார்த்து, அது ஆணா பெண்ணா, பசியில் இருக்கிறதா என்று சொல்வார். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மற்ற இரண்டில் மீனின் மேல் தப்பு என்பார்.

கடைசி நாள் படகைக் கரைக்கு ஏற்றியபின் வெர்லீன் கேட்டார்: "பெடலும் இதுவும் ஒரே நேரத்துல வேலை செஞ்சா, மோட்டார் யார் பேச்சைக் கேக்கும்?"

"கடைசியா அழுத்தினது யாரோ, அவங்க பேச்ச."

"அப்ப சண்டைதான்." அவர் யோசித்தார். "பெடல அங்கேயே வெச்சுட்டு, அத ஊமையாக்க முடியுமா?"

முடியும். முன்தளத்துத் தட்டுக்குக் கீழே ஒரு இணைப்பு இருக்கிறது. அதை உருவிவிட்டால் பெடல் வெறும் கட்டை. மேலே பார்த்தால் தெரியாது. நான் தட்டைத் திறந்து அதை உருவி, முனையில் டேப் சுற்றி வைத்தேன்.

"மிஸ்டர் ஹாஸ்கெல்கிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு அவனுக்கு," என்றார். "காலுதான போச்சு. அந்தக் கண்ணு முன்சீட்டுல உக்காரட்டும்."

"கேட்டார்னா?"

"கேட்டா சொல்லு. கேக்க மாட்டான்."

ஏப்ரல் முதல் வாரம், ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். நடுவில் எடை வேண்டும் என்று வெர்லீன் என்னையும் ஏறச் சொன்னார். தண்ணீர் ஏறியிருந்தது. முண்டுகளின் தலைகள் மூழ்கி, எங்கே எது இருக்கிறது என்று திரைக்கு மட்டும்தான் தெரியும். கரையில் டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஹாஸ்கெல் ஒரு கையால் என் தோளையும் மறு கையால் படகின் விளிம்பையும் பிடித்து, புதிய அகலக் காலணியோடு முன்சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். காலைத் தூக்கிப் பெடலின்மேல் வைத்தார். வைத்தபின் குனிந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு தடவை இரை எடுக்கிற சாக்கில் கண்ணை ஓட்டினேன். வெர்லீன் மடியில் வலை இருந்தது, வலைக்கு அடியில் கை. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கணவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஸ்கெலுக்கு எந்தப் பக்கம் சந்தேகம் வருகிறதோ அந்தப் பக்கம் தலை ஒரு விரற்கடை சாயும். எனக்கு அது தெரியவே தெரியாது. பின்சீட்டில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருந்தது. தலை சாய்ந்த பக்கம் மோட்டார் திரும்பியது, படமும் திரும்பியது.

முதல் முண்டில் ஒன்று எடுத்தார். இரண்டாவதில் இரண்டு. படகு முண்டுகளைத் தொடவே இல்லை. மூன்றாவது முண்டுக்குப் போகும் வழியில், அவர் குதிகாலை நன்றாக அழுத்துவதை நான் பார்த்தேன். குனிந்து பார்த்து, வேண்டுமென்றே அழுத்தினார். அதற்கு மோட்டார் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதே சமயம் தலையை வலப்பக்கம் சாய்த்தார்.

மோட்டார் வலப்பக்கம் திரும்பியது.

அவர் தலையை நேராக்கினார். சற்றுப் பொறுத்து, இப்போது முன்பாதத்தை அழுத்தி, தலையை இடப்பக்கம் சாய்த்தார். அம்புக்குறி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.

காற்று இல்லை. தூரத்தில் யாரோ பெரிய எஞ்சினில் போனார்கள். அதன் அலை வெகுநேரம் கழித்து வந்து எங்களை அசைத்துவிட்டுப் போனது. ஹாஸ்கெல் அம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முதுகில் எதுவும் தெரியவில்லை. அவர் இப்போது எழுந்து கத்தலாம், கரைக்கு விடு என்று சொல்லலாம், இனி இந்தப் படகில் ஏறமாட்டேன் என்று சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. வெர்லீனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். படகை நிறுத்திவிட்டிருந்தார். நங்கூரப் பொத்தானில் படகு தண்ணீரை லேசாகத் துழாவிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

ஹாஸ்கெல் இரண்டு கைகளாலும் வலது தொடையைப் பிடித்து, காலைப் பெடலிலிருந்து தூக்கிப் பக்கத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து சாஸேஜ் டப்பாவை எடுத்துத் திறந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கை நீட்டி டப்பாவைப் பெடலின் நடுவில் வைத்தார். உள்ளங்கையால் ஒருமுறை நன்றாக அழுத்தியும் விட்டார்.

படகு அசையவில்லை.

"அதுவா டப்பா வைக்கிற எடம்?" என்றார் வெர்லீன் பின்னாலிருந்து. குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

"சமமா இருக்கு," என்றார் ஹாஸ்கெல். மென்று விழுங்கினார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தூண்டிலை எடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "என் கழுத்தப் பாத்து ஓட்டாத. எனக்குச் சுளுக்கிக்கும். வாயால சொல்றேன்."

வெர்லீன் வலையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். ரிமோட்டின் கயிற்றைத் தலைவழியே போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"சொல்லு," என்றார்.

"இடது பக்கம் பெரிய முண்டு. மெதுவா."

மோட்டார் இடப்பக்கம் திரும்பியது.